லெப்டொப்புக்கு எந்த ரேம் பொருந்தும்? கேள்வி பதில்

கொழும்பில் லெப்டொப் திருத்துவதுதான் என் தொழில். ரேம் கூட்டுவது பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

வெள்ளவத்தை, கம்பஸ் மாணவி: அண்ணா, என் லெப்டொப்பில் 4 ஜிபிதான் இருக்கிறது. யூனிட்டி பிளாசா கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போய் மொடல் பெயரைச் சொன்னால் சரியான ரேம் தருவார்களா?

மொடல் பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள் தங்கச்சி. ஒரே பெயரில் விற்ற லெப்டொப்பிலேயே ஒன்றில் ரேம் பூட்டும் ஸ்லொட் இரண்டு இருக்கும், மற்றதில் 4 ஜிபி ரேமை மதர்போர்டோடு ஒட்டிவிட்டு ஒரேயொரு ஸ்லொட் விட்டிருப்பார்கள். விண்டோஸில் டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்போமன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்துங்கள். வேகமும் எத்தனை ஸ்லொட் என்பதும் அங்கே தெரியும். சில லெப்டொப்பில் போர்டோடு ஒட்டிய ரேமையும் ஒரு ஸ்லொட் என்று கணக்குக் காட்டும். ஆகவே அடிமூடியைக் கழற்றி ஒருமுறை கண்ணால் பார்ப்பதுதான் நிச்சயம்.

உள்ளே இருக்கும் ரேமில் ஒரு லேபல் ஒட்டியிருக்கும். இதை எழுதும்போது என் மேசையில் கிடக்கும் ஒரு ரேமில் இப்படி இருக்கிறது: ‘8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி’. முதலில் இருப்பது கொள்ளளவு. ‘பிசி4’ என்றால் டிடிஆர்4 என்ற ரேம் வகை. 2666 என்பது வேகம். சில லேபல்களில் வேகத்துக்குப் பதிலாக 21300, 25600 என்று பெரிய எண் இருக்கும். குழம்ப வேண்டாம், 8ஆல் பிரித்துப் பாருங்கள்: 25600 என்பது 3200, 21300 என்பது ஏறத்தாழ 2666. அந்த லேபலை ஃபோனில் தெளிவாகப் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முடிந்தால் லெப்டொப்பையும் கொண்டுபோய், அங்கேயே பூட்டி, ஓன் பண்ணிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கொட்டாஞ்சேனை: 2014இல் வாங்கிய, இன்டெல் ஐ5 நான்காம் தலைமுறை பிராசஸர் உள்ள லெப்டொப். பாவித்த டிடிஆர்3 ரேம் ஒன்று வாங்கிப் போட்டேன். ஸ்லொட்டில் சரியாகவே உட்கார்ந்தது, ஆனால் லெப்டொப் ஓன் ஆகவில்லை. ரேம் பழுதா?

பழுதாக இருக்க வேண்டியதில்லை. லேபலில் ‘பிசி3’ என்று இருக்கிறதா, ‘பிசி3எல்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓர் எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரண டிடிஆர்3க்கு 1.5 வோல்ட் வேண்டும், டிடிஆர்3எல்லுக்கு 1.35 வோல்ட் போதும். இரண்டிலும் 204 பின் (ரேமின் ஓரத்திலுள்ள தங்க நிறப் பற்கள்), அவற்றுக்கிடையே உள்ள நடுவெட்டும் ஒரே இடம். அதனால்தான் பிழையான ரேமும் தடையில்லாமல் உள்ளே போகிறது. நான்காம் தலைமுறை லெப்டொப்புகள் 1.35 வோல்ட்தான் கொடுக்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதில் மாட்டினேன். ‘டிடிஆர்3 எல்லாம் ஒன்றுதான்’ என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி வாங்கிவந்து, வாடிக்கையாளரின் லெப்டொப்பை மூன்று தடவை கழற்றிப் பூட்டினேன். போர்ட் போய்விட்டது என்று அவரிடம் சொல்லவும் வாயெடுத்துவிட்டேன். அவருடைய பழைய ரேமைத் திரும்பப் போட்டதும் ஓன் ஆனது. அப்போதுதான் இரண்டு லேபலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் ‘எல்’ இருந்தது, மற்றதில் இல்லை. அன்றிலிருந்து லேபலை வாசிக்காமல் எந்த ரேமையும் கையில் எடுப்பதில்லை.

உங்கள் லெப்டொப்புக்கு ஒரு ஸ்லொட்டில் 8 ஜிபி, மொத்தம் 16 ஜிபி வரைதான் போகலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஆறாம் தலைமுறையில் டிடிஆர்3எல் போட்ட லெப்டொப்பும் வந்தது, டிடிஆர்4 போட்டதும் வந்தது. தலைமுறையை வைத்து ரேம் வகையை ஊகிக்க வேண்டாம்.

தெஹிவளை: இருப்பது 2400 டிடிஆர்4. கடையில் 3200தான் இருக்கிறதாம். போடலாமா?

போடலாம். இரண்டும் 2400இலேயே ஓடும். வேகம் கூடாது, இடம் கூடும்.

மருதானை: டிடிஆர்4 லெப்டொப்பில் டிடிஆர்5 போட முடியுமா?

முடியாது. டிடிஆர்4இல் 260 பின், டிடிஆர்5இல் 262. நடுவெட்டும் வேறு இடத்தில். தயவுசெய்து அழுத்திப் பார்க்காதீர்கள், ஸ்லொட் உடைந்தால் போர்டில்தான் கைவைக்க வேண்டும்.

வத்தளை: போர்டில் 4 ஜிபி, ஒரு ஸ்லொட் காலி. வீடியோ எடிட் பண்ணுகிறேன். சமமாக 4 போடுவதா, 8 போடுவதா?

8 போடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் டுவல் செனல், அதாவது இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஓடுவது, முழுதாக வேலை செய்யும் என்று சொல்வது சரிதான். தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத லெப்டொப்பில் அந்த வித்தியாசம் தெரியவும் செய்யும், ஏனென்றால் கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்கு போடுகிறது. ஆனால் 4க்கு 8 போட்டாலும் டுவல் செனல் அடியோடு போய்விடாது. பெரும்பாலான லெப்டொப்பில் போர்டிலுள்ள 4ம் புதியதில் 4ம் சேர்ந்து டுவலாக ஓடும், மிச்சம் 4 மட்டும் தனியாக ஓடும். வீடியோ வேலைக்கு 8ஐவிட 12 எவ்வளவோ மேல். உங்கள் மொடல் 16 ஜிபி ரேமை ஏற்கும் என்று கம்பனி கையேட்டில் இருந்தால், காசு சேர்த்து அதையே போடுங்கள்.

பம்பலப்பிட்டி, ஒரு தாய்: மகளின் லெப்டொப் ஓன் ஆகவே ஐந்து நிமிடம் எடுக்கிறது. 8 ஜிபி இருக்கிறது. 16 ஆக்கினால் சரியாகுமா தம்பி?

அக்கா, ரேம் வாங்க முதல் உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, அதைவிட வேகமான எஸ்எஸ்டியா என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் தாமதம் அநேகமாக ஹார்ட் டிஸ்க்கால் வருவது. பிள்ளை வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்து வைத்துவிட்டு டாஸ்க் மனேஜரைப் பாருங்கள். மெமரி 60, 70 வீதத்தில் நின்று, டிஸ்க் 100இல் நின்றால் ரேமுக்குக் கொடுக்கும் காசு வீண். எஸ்எஸ்டி போடுங்கள். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கே மெமரி சிப்புகள் அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து உலகம் முழுதும் ரேம் விலை ஏறியது. தேவையில்லாமல் வாங்கும் நேரமில்லை இது.

கிராண்ட்பாஸ்: எம்1 மெக்புக் எயாரில் ரேம் கூட்ட முடியுமா?

முடியாது. 2020இல் வந்த எம்1இலிருந்து மெக்புக்குகளில் மெமரி பிராசஸரோடு சேர்ந்தே வருகிறது. வாங்கும்போதே கூடியதை எடுக்க வேண்டும்.

வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம்: புது ரேம் போட்டேன். லைட் எரிகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. வகையும் சரி, வேகமும் சரி.

முதல் தடவை ஓன் ஆகும்போது லெப்டொப் புது ரேமைப் பழகிக்கொள்ளும், டிடிஆர்5இல் இதற்குச் சில நிமிடம்கூட ஆகலாம். பத்து நிமிடம் பொறுங்கள். அப்படியும் வராவிட்டால் சார்ஜரைக் கழற்றி, பற்றரியின் வயரையும் போர்டிலிருந்து எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு ரேமை வெளியே எடுங்கள். தங்க நிறப் பற்களைப் பாருங்கள். உங்கள் பக்கம் உப்புக்காற்று, பழைய ரேம் என்றால் பற்களில் மங்கலான படலம் இருக்கும். வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, ரேமைச் சரிவாகப் பிடித்து, தங்கப் பற்கள் கண்ணுக்கு மறையும் வரை உள்ளே தள்ளுங்கள். பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் ‘டக்’கென்று பூட்டும். ஒரு பக்கம் மட்டும் பூட்டினாலும் திரை வராது.

ஓன் ஆகிவிட்டால் அன்றிரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும், பில்லையும் எடுத்துக்கொண்டு அடுத்த நாளே கடைக்குப் போங்கள்.