பஃப் பிரிண்ட் அமுங்குது, வெடிக்குது: கீழக்கரை ப்ரோவுக்கு

ப்ரோ, காட்டன் டி-ஷர்ட்ல பஃப் பிரிண்ட் (சூடு பட்டா உப்பி மேல எழும்புற பிரிண்ட்) நல்லா உப்பி வந்து உடனே அமுங்கிருது, வாஷ் பண்ணா வெடிச்சு விரிசல் விடுதுன்னு கேட்டிருந்தீங்க. அமுங்குறது பெரும்பாலும் சூடு ஓவராகுறதால தான், பிளாஸ்டிசால் இங்க்குக்கு (சூட்டுல வெந்து இறுகுற பிளாஸ்டிக் இங்க்) 160 டிகிரி செல்சியஸ் பக்கம் போதும், அதுக்கு மேல போனா உள்ள உப்புன கேஸ் வெளியேறி ஆறிப்போன பூரி மாதிரி ஆயிரும். ஹீட் பிரஸ்ஸ அமுக்கவே அமுக்காதீங்க, தட்டு துணியில படாம கொஞ்சம் ஒசரத்துல நிறுத்தி சூடு காட்டுங்க. வெடிக்குறது வேற கத, பஃப் ஆடிட்டிவ், அதாவது இங்க்க உப்ப வைக்குற கலவைய அளவுக்கு மேல கலந்தாலும் அடியில இருக்க இங்க் சூடு பத்தாம வேகாம இருந்தாலும் வெடிக்கும், டப்பாவுல போட்டிருக்க அளவத் தாண்டாதீங்க. நம்ம கடக்கரைக் காத்துக்கு துணி சும்மாவே நமுத்துக் கெடக்கும், பிரிண்டுக்கு முன்னாடி வெறுந்துணிய ஒரு அஞ்சு செகண்ட் பிரஸ் பண்ணிருங்க. பாலியஸ்டர் ஜெர்சி ஆர்டர் வந்தா லோ க்யூர் இங்க் (கம்மி சூட்டுலயே வேகுற இங்க்) தனியா கேட்டு வாங்குங்க, இல்லன்னா சிவப்புத் துணின்னா சாயம் ஏறி வெள்ளை எழுத்து பிங்க்காயிரும்.