இன்ஜின் எண்ணும் குறிப்பேடும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பிரிட்டனில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நீராவி, டீசல் இன்ஜின்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மலைக்கு இந்தப் பக்கம் செங்கோட்டையிலிருந்தும், அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூரிலிருந்தும், பாலக்காட்டு எல்லையிலிருந்தும், ஆந்திர எல்லையிலுள்ள நகரிப் பகுதியிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலரும் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கையில் கேமரா இருக்கும் காலத்தில், நடைமேடையில் நின்று இன்ஜின் எண்ணை நோட்டில் எழுதுவதில் என்ன இருக்கிறது? இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது? (செங்கோட்டை வாசகர்)

படத்தில் இன்ஜினின் தோற்றம் பதிவாகும். ஆனால் அது எந்த இன்ஜின் என்பதை எண்தான் சொல்லும். பிரிட்டனில் ‘பிளாக் ஃபைவ்’ என்று அழைக்கப்படும் நீராவி வகையில் மொத்தம் 842 இன்ஜின்கள் கட்டப்பட்டன. சும்மா பார்ப்பவருக்கு அவை அத்தனையும் ஒன்றுபோலவே தெரியும். எண் குறிப்பவருக்கோ அவை 842 தனித்தனி இன்ஜின்கள். ஒவ்வொன்றும் எந்த ஷெட்டை (இன்ஜின்களை நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகையை) சேர்ந்தது, எந்த வண்டியை இழுத்தது, எப்போது ஓய்வு பெற்றது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு.

இந்தப் பழக்கம் பரவக் காரணமானவர் இயான் ஆலன். லண்டன் வாட்டர்லூவில் சதர்ன் ரயில்வே அலுவலகத்தில் இளம் எழுத்தராக இருந்த அவருடைய மேசைக்கு, இன்ஜின்களின் விவரம் கேட்டுப் பொதுமக்கள் எழுதும் கடிதங்கள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுவதைவிட, எல்லா இன்ஜின்களின் எண்களையும் வரிசைப்படுத்தி ஒரு சிறு கையேடாக அச்சிட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1942-இல் முதல் கையேடு வெளிவந்தது. போர் முடிந்தபின் பள்ளிச் சிறுவர்கள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிலையங்களில் கூடினார்கள். பார்த்துவிட்ட இன்ஜினின் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போடுவது வழக்கமாயிற்று. வாசகர் கடிதங்களிலிருந்து பிறந்த நூல் என்பதாலேயே எனக்கு அதன்மீது தனிப் பிரியம் உண்டு.

நானும் பள்ளிநாட்களில் செங்கோட்டை நிலையத்தில் மீட்டர் கேஜ் நீராவி இன்ஜின்களின் எண்களைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். வீடு மாறியபோது அந்த நோட்டு தொலைந்துவிட்டது. என் நினைவில் அந்தக் கரிப்புகை இருக்கிறது, விசில் சத்தம் இருக்கிறது. ஆனால் எங்களைப் புனலூருக்கு இழுத்துச் சென்றவை எந்தெந்த இன்ஜின்கள் என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த இழப்பை நான் இன்றும் உணர்கிறேன்.

பிரிட்டிஷ் இன்ஜின்களின் எண்களில் ஏதாவது ஒழுங்கு உண்டா? ஒரே இன்ஜினுக்கு இரண்டு எண்கள் சொல்கிறார்களே? (புனலூர் வாசகர்)

உண்டு. 1948-இல் நான்கு பெரிய ரயில் கம்பெனிகள் நாட்டுடைமையானபோது, ஒரே எண் இரண்டு மூன்று இன்ஜின்களுக்கு வந்துவிடாமலிருக்க, சதர்ன் இன்ஜின்களின் எண்ணோடு 30000-மும், லண்டன் மிட்லண்ட் இன்ஜின்களின் எண்ணோடு 40000-மும், லண்டன் நார்த் ஈஸ்டர்ன் இன்ஜின்களின் எண்ணோடு 60000-மும் கூட்டினார்கள். கிரேட் வெஸ்டர்ன் இன்ஜின்களின் எண்கள் வார்ப்புத் தகடுகளில் பொறிக்கப்பட்டிருந்ததால் அவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். 4472 என்ற எண்ணோடு புகழ்பெற்ற ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’, 1946-இல் சொந்தக் கம்பெனியின் மறு எண்ணிடலில் 103 ஆகியிருந்தது; அதோடு 60000 சேர்ந்து 60103 ஆனது.

டீசல் இன்ஜின்களுக்கு முதலில் ‘டி’ என்ற எழுத்தோடு எண் கொடுத்தார்கள். 1970-களில் கணினிப் பதிவு வந்தபோது, முதல் இரண்டு இலக்கங்கள் வகையையும் பின் மூன்று இலக்கங்கள் தனி இன்ஜினையும் குறிக்கும்படி மாற்றினார்கள். பின்னால் நான் சொல்லப்போகும் ‘டெல்டிக்’ வகையின் டி9009 அதன்படி 55009 ஆனது. ஆனால் அந்த வகையின் முதல் இன்ஜினான டி9000, 55000 ஆகவில்லை. புதிய முறை 000 என்ற முடிவை ஏற்காததால், அது வரிசையின் கடைசிக்குப் போய் 55022 ஆயிற்று. பழைய நோட்டையும் புதிய நோட்டையும் ஒப்பிடும்போது இந்த ஒரு விதிவிலக்கை மறந்தால் கணக்கு தவறிவிடும்.

1968-இலேயே பிரிட்டனில் நீராவி முடிந்துவிட்டது என்கிறார்கள். பிறகு இத்தனை இன்ஜின்கள் எங்கிருந்து வந்தன? (கொழிஞ்சாம்பாறை, ஆசிரியை)

1968 ஆகஸ்ட் 11 அன்று லிவர்பூலுக்கும் கார்லைலுக்கும் இடையே ஓடிய சிறப்பு வண்டியோடு, அந்நாட்டின் முதன்மைப் பாதைகளில் வழக்கமான நீராவிச் சேவை முடிந்தது உண்மைதான். அதன்பின் 1971 வரை நீராவி இன்ஜின்களுக்கு அந்தப் பாதைகளில் ஏறக்குறைய முழுத் தடையே இருந்தது. தனியாருக்குச் சொந்தமாயிருந்த ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் மட்டும் முன்பே செய்துகொண்ட ஒப்பந்தத்தால் சிறிது காலம் ஓடியது. பிரிட்டிஷ் ரயில்வே கடைசியாகக் கட்டிய நீராவி இன்ஜினான ‘ஈவினிங் ஸ்டார்’ (92220) 1960-இல் ஸ்விண்டன் பணிமனையிலிருந்து வெளிவந்து, ஐந்தே ஆண்டுகளில் ஓய்வுக்கு அனுப்பப்பட்டது.

மீட்புக்கு வழி காட்டியவர்கள் ஊதியமில்லாமல் உழைத்த தொண்டர்கள். வேல்ஸிலுள்ள டாலிலின் என்ற சிறு மலை ரயிலை 1951-இல் அவர்கள் ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். 1960-இல் சசெக்ஸில் புளூபெல் ரயில் தொடர்ந்தது. ஆனால் ஓட்டுவதற்கு இன்ஜின் வேண்டுமே!

அங்கேதான் தெற்கு வேல்ஸின் பாரி துறைமுகத்திலிருந்த ஒரு பழைய இரும்புக் கிடங்கு கதைக்குள் வருகிறது. அதன் உரிமையாளர் டாய் வுட்ஹம், உடைப்பதற்காக 297 நீராவி இன்ஜின்களை வாங்கிக் குவித்திருந்தார். சரக்குப் பெட்டிகளை உடைப்பது எளிது என்பதால் அந்த வேலையை முதலில் எடுத்துக்கொண்டார். இன்ஜின்கள் கடல் காற்றில் துருப்பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வரிசையாக நின்றன. எண் குறிக்கும் பழக்கமுள்ளவர்கள் அங்கே போய், எது எந்த இன்ஜின் என்று அடையாளம் கண்டு, பணம் திரட்டி ஒவ்வொன்றாக மீட்டார்கள். 1968 செப்டம்பரில் 43924 முதலில் வெளியேறியது. மொத்தம் 213 இன்ஜின்கள் உயிர்பிழைத்தன. இன்று பிரிட்டனின் மலைச்சரிவுகளிலும் கடலோரங்களிலும் பயணிகளை இழுக்கும் இன்ஜின்களில் கணிசமானவை அந்தத் துருவிலிருந்து எழுந்தவை.

உடைந்தே போன ஒரு வகையை மீண்டும் கட்டியதும் உண்டு. ‘ஏ1’ என்ற வகையில் ஒன்றுகூட மிஞ்சாததால், ஆர்வலர்கள் மாதந்தோறும் சிறு தொகைகளாகச் சேர்த்து, பழைய வரைபடங்களைக் கொண்டு ‘டொர்னேடோ’ (60163) என்ற புத்தம்புதிய நீராவி இன்ஜினை 2008-இல் டார்லிங்டனில் கட்டி முடித்தார்கள்.

உலகிலேயே வேகமான நீராவி இன்ஜின் எது? (ஆரியங்காவு மாணவி)

‘மல்லார்ட்’ (4468). 1938 ஜூலை 3 அன்று ஸ்டோக் சரிவில் மணிக்கு 126 மைல், அதாவது 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. யார்க் நகரின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் அதைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம்.

நம் பதிமூன்று கண்ணறைப் பாலத்தைப் போல அங்கே உண்டா? (கழுத்துருட்டி வாசகர்)

ஸ்காட்லாந்தின் கிளென்ஃபினன் பாலத்தைச் சொல்ல வேண்டும். 21 வளைவுகள், சுமார் 30 மீட்டர் உயரம், கம்பி வைக்காத வெறும் கான்கிரீட், 1901-இல் திறக்கப்பட்டது. நம் பாலம் இருக்கும் கொல்லம்–செங்கோட்டைப் பாதை 1904-இல் திறக்கப்பட்டதால் இரண்டும் ஒரே காலத்தவை. கோடையில் அந்தப் பாலத்தின்மீது நீராவி வண்டி வளைந்து போவதைப் பார்க்க மக்கள் குன்றேறிக் காத்திருக்கிறார்கள்.

நீராவியை ரசிப்பது புரிகிறது. டீசல் இன்ஜினில் ரசிக்க என்ன இருக்கிறது? (நகரி வாசகர்)

ரேணிகுண்டாவில் ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் வடிவமைப்பிலான டீசல் இன்ஜின் கனத்த வண்டியோடு கிளம்பும்போது எழும் அடித்தொண்டைச் சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதை நினைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பிரிட்டனில் ‘டெல்டிக்’ என்றொரு டீசல் வகை இருந்தது. எடை குறைவாகவும் ஆற்றல் மிகுதியாகவும் வேண்டும் என்பதற்காகக் கடற்படையின் விரைவுப் படகுகளுக்கென உருவான மோட்டார் அது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் சிலிண்டர்கள். மூன்று மூலைகளிலும் மூன்று கிராங்க் தண்டுகள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக வந்து நெருங்கி விலகும். ஆக 18 சிலிண்டர்களில் 36 பிஸ்டன்கள். இப்படிப்பட்ட இரண்டு மோட்டார்களை ஒரே இன்ஜினில் பொருத்தி 3300 குதிரைத்திறன் பெற்றார்கள். 22 டெல்டிக்குகள் 55 நீராவி இன்ஜின்களின் வேலையைச் செய்து, லண்டன்–எடின்பரோ பாதையில் மணிக்கு 100 மைல் வேகத்தில் ஓடின. முடுக்கும்போது வெண்புகை நிலையத்தையே மூடும். பிறகு எழும் ரீங்காரம் வேறு எந்த டீசலிலும் கிடையாது. அதைக் கேட்பதற்கென்றே பயணச்சீட்டு எடுத்தவர்கள் இருந்தார்கள்.

இவற்றைக் கட்டிய வல்கன் ஃபவுண்டரிதான் 1853-இல் பம்பாய்–தாணே முதல் பயணிகள் ரயிலின் இன்ஜின்களையும் செய்து அனுப்பியது. டெல்டிக்குகள் 1982 ஜனவரி 2-உடன் ஓய்வு பெற்றன; அவற்றில் ஆறும், 1955-இன் முன்மாதிரியும் காப்பாற்றப்பட்டுள்ளன. நீராவியை வீட்டுக்கு அனுப்பிய டீசலையே அடுத்த தலைமுறை கண்ணீரோடு வழியனுப்பியது. அதில் எனக்கு வியப்பில்லை. பன்னிரண்டு வயதில் எந்த இன்ஜினின் சத்தம் காதில் ஏறியதோ, அதுதான் ஒருவருக்கு இன்ஜின்.

என் மகனுக்கு 12 வயது. இந்தப் பழக்கத்தை இங்கிருந்தே தொடங்க முடியுமா? (ஏகாம்பரக்குப்பம், தாய்)

தாராளமாகத் தொடங்கலாம், அம்மா. உங்கள் ஊர் வழியாக அரக்கோணம்–ரேணிகுண்டா வண்டிகள் நாள் முழுவதும் போகின்றன. இன்ஜினின் பக்கவாட்டில் ஐந்து இலக்க எண்ணும், ‘டபிள்யூஏபி-7’ என்பது போன்ற வகைப் பெயரும், ஷெட்டின் பெயரும் எழுதியிருக்கும். முதல் எழுத்து அகலப்பாதையையும், இரண்டாவது மாறுமின்சாரத்தையும், மூன்றாவது பயணிகள் வண்டியையும் குறிக்கும் என்று சொல்லிக்கொடுங்கள். தேதி, நேரம், எண், வகை, ஷெட், வண்டியின் பெயர், போகும் திசை ஆகிய ஏழையும் எழுதினால் போதும். மழையில் மை கரைந்துவிடும் என்பதால் பென்சிலே நல்லது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நடைமேடையில், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். தண்டவாளத்தில் இறங்குவது 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். பிரிட்டனிலும் அத்துமீறி நுழைவது குற்றமே. பாதையோரம் கூட்டம் இறங்கிவிட்டதால் நீராவிச் சிறப்பு வண்டிகள் நடுவழியில் நிறுத்தப்பட்டதுண்டு. படம் எடுக்க நினைத்தால் முதலில் நிலைய அதிபரைப் பார்த்து அனுமதி கேட்கச் சொல்லுங்கள். நோட்டில் முதல் பத்து எண்கள் சேர்ந்ததும் எனக்கு எழுதி அனுப்பட்டும். எந்த இன்ஜின் எந்த ஊர் ஷெட் என்று இந்தப் பகுதியிலேயே சேர்ந்து பார்ப்போம்.