சபை முடங்கினால் விதியை மாற்றலாமா? வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சட்டமன்ற, நாடாளுமன்ற நடைமுறைகளைப் பல வருடங்களாகக் கவனித்து வரும் எங்கள் வாசகர் வட்டத்து மூத்த உறுப்பினர் ஒருவர், மற்றவர்கள் கேட்டதற்குத் தந்த பதில்கள் இவை.

காசிமேடு வாசகர்: சார், தினமும் கூச்சல், ஒத்திவைப்பு. கத்துகிறவர்களை வெளியே அனுப்பும்படி ஒரு கடுமையான விதி போட்டால் என்ன?

அந்த விதி ஏற்கெனவே இருக்கிறது. மக்களவை விதி 374ஏ, 2001-இல் வந்தது. அவையின் நடுவே இறங்கி ரகளை செய்பவரின் பெயரைச் சபாநாயகர் குறிப்பிட்டால் போதும், அவர் தானாகவே ஐந்து அமர்வுகளுக்கு, அல்லது அதற்குள் கூட்டத்தொடர் முடிந்தால் அதுவரை, இடைநீக்கம் ஆகிவிடுவார். 2023 குளிர்காலக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேரை இடைநீக்கம் செய்தார்கள். சபை அமைதியானது உண்மைதான். அந்த அமைதியில்தான் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலான நியாய சன்ஹிதா உட்பட மூன்று குற்றவியல் மசோதாக்கள் நிறைவேறின, எதிர்க்கட்சியில் பெரும்பகுதி வெளியே இருக்கும்போது. இதை முடக்கம் தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

எதை விவாதிப்பது என்பதை ஆளும் தரப்பே முடிவு செய்யும் இடத்தில், கத்துவதுதான் எதிர்க்கட்சிக்குக் கிடைத்த ஒரே நேரம். பிரிட்டனில் ஒரு கூட்டத்தொடரில் 20 நாட்களை எதிர்க்கட்சிகளுக்கு ஒதுக்குகிறார்கள். அன்று என்ன பேசுவது என்பது அவர்கள் விருப்பம். நமக்கு முதலில் வேண்டியது இந்த மாதிரி விதி.

பெரம்பூர் வாசகி: எங்கள் தொகுதி ஒன்றரை வருடத்துக்கு மேல் எம்.எல்.ஏ. இல்லாமல் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா அண்ணா? அதுவும் விதியின் கோளாறுதானா?

நன்றாக ஞாபகம் இருக்கிறதும்மா. 2017 ஆகஸ்டில் முதல்வருக்கு எதிராக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த ஆளும் கட்சி எம்.எல்.ஏ.க்களில் 18 பேரை, செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். பெரம்பூர் எம்.எல்.ஏ. வெற்றிவேல் அதில் ஒருவர். ஒரு மாதத்துக்குள் முடிவு! அப்போது பக்கத்துத் தொகுதி ஆர்.கே.நகரும் காலியாகத்தான் இருந்தது.

ஆனால் அதே வருடம் பிப்ரவரி நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக வாக்களித்த ஆளும் கட்சியின் 11 பேர் மீதும் புகார் இருந்தது. அது 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோதும் தீராமலே இருந்தது. ஒரே சபாநாயகர், ஒரே பத்தாவது அட்டவணை, அதாவது அரசியலமைப்பின் கட்சித்தாவல் தடைப் பகுதி. ஒன்றில் அவ்வளவு வேகம், மற்றதில் மூன்று வருட மௌனம். அந்த அட்டவணையில் எங்குமே நாள் கணக்கு இல்லை, அதனால் இரண்டுமே சாத்தியமானது.

பெரம்பூர் கதை அத்தோடு முடியவில்லை. காலியான இடத்துக்கு ஆறு மாதத்தில் இடைத்தேர்தல் நடத்தச் சட்டம் சொல்கிறது. வழக்கு இருந்ததால் அதுவும் நின்றது. 2018 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்தார்கள், அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கத்தை உறுதி செய்தார், 2019 ஏப்ரலில்தான் வாக்குப்பதிவு.

2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் சபாநாயகர் முடிவெடுக்க வேண்டும் என்றது. இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து நிரந்தரத் தீர்ப்பாயத்திடம் கொடுப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்றும் சொன்னது. கட்சிக்காரரையே நடுவராக வைத்துவிட்டு நடுநிலை எதிர்பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தீர்ப்பாயமே சரி.

தண்டையார்பேட்டை வாசகர்: சபை நிறைவேற்றியதை ஆளுநர் கிடப்பில் போட்டால்?

2025 ஏப்ரல் 8 அன்று, தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஆளுநர் முடிவெடுக்கக் கெடுவும் விதித்தது. நவம்பர் 20-இல் குடியரசுத் தலைவரின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் கெடு விதிக்க நீதிமன்றத்தால் முடியாது என்றது. காரணமே சொல்லாமல் நீண்ட நாள் இழுத்தால், முடிவெடுங்கள் என்று உத்தரவிடலாம், அவ்வளவுதான். ஆக, கெடு வேண்டுமென்றால் ஆளுநர் ஒப்புதல் பற்றிய அரசியலமைப்பின் 200-ஆவது பிரிவையே திருத்த வேண்டும். அதற்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

ராயபுரம் வாசகர்: அமெரிக்க செனட்டில் 51 பேர் இருந்தும் மசோதா நிற்கிறதாமே?

விவாதத்தை முடிக்கவே 60 பேர் வேண்டும், அதனால்தான். இது அவர்கள் அரசியலமைப்பில் இல்லை, செனட்டின் சொந்த விதி. 1917-இல்தான் விவாதத்தை நிறுத்த வழியே வந்தது, அதுவும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு. 1975-இல் 60 ஆக்கினார்கள். 2013-இல் பெரும்பாலான நியமனங்களுக்கும், 2017-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாக்கினார்கள். முதலாவதைச் செய்தது ஜனநாயகக் கட்சி, இரண்டாவதைச் செய்தது குடியரசுக் கட்சி. நமக்கு அந்த நோய் கிடையாது சார். நம் ஊரில் பெரும்பான்மையை யாரும் தடுப்பதில்லை.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: இரண்டு அவைகளும் மோதினால் கூட்டுக் கூட்டம் நடத்தலாமே?

நாடாளுமன்றத்தில் நடத்தலாம் தம்பி. 1961, 1978, 2002 என மூன்று மசோதாக்களுக்கு மட்டும் நடந்திருக்கிறது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு அந்த வழி கிடையாது. தமிழ்நாட்டில் மேலவையே 1986-இல் போய்விட்டது.

திருவொற்றியூர் வாசகர்: எத்தனை பேர் இருந்தால் கோட்டையில் சபை நடக்கும்?

பத்து பேர் அல்லது பத்தில் ஒரு பங்கு, எது அதிகமோ அது. 234-க்கு 24.

வண்ணாரப்பேட்டை வாசகி: அமைச்சராக இல்லாத உறுப்பினர் சொந்தமாக மசோதா கொண்டுவந்து என்ன பயன்?

நாடாளுமன்றத்தில் அப்படிக் கடைசியாகச் சட்டமானது 1970-இல். ஆனாலும் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறவில்லை. அப்புறம் அரசு 2019-இல் வேறொரு சட்டம் போட்டது, பல திருநங்கைகள் அதை எதிர்த்தார்கள். தனிநபர் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை மதியம் சில மணி நேரம்தான், பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பும் வேளை. அதை புதன்கிழமைக்கு மாற்றினாலே போதும் என்பேன். அதற்கு அரசியலமைப்பைத் தொடக்கூட வேண்டாம்.