பராமரிப்பவரின் பாரத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

மறதிநோய் பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்குமேல் நோயாளியைப் பற்றியவை அல்ல, உடனிருந்து பார்த்துக்கொள்பவரைப் பற்றியவை. சிலவற்றுக்கு இங்கே பதில்.

மூன்று ஆண்டுகளாக மறதிநோய் உள்ள மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். ரத்தத்தில் கார்ட்டிசால் பார்த்தால் என் மன அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்கிறார் லேப்காரர். எடுக்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

பணத்தை மிச்சம் பிடியுங்கள் அம்மா. அழுத்தத்தின்போது அட்ரீனல் சுரப்பி அதிகம் சுரக்கும் ஹார்மோன்தான் கார்ட்டிசால்; ஆனால் அது ஓர் அளவில் நிற்கும் சரக்கு அல்ல. விழித்த அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் உச்சிக்கு ஏறும். பிறகு மெல்ல இறங்கி நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். ஆறு மணிக்கு எழுந்தவருக்கும், மாமியார் கூப்பிட்ட குரலுக்கு மூன்று மணிக்கே எழுந்தவருக்கும் காலை எட்டு மணி ரத்தம் ஒரே கதையைச் சொல்லாது. ஆஸ்துமா இன்ஹேலர், ஸ்டீராய்டு களிம்பு, கருத்தடை மாத்திரை எல்லாம் கணக்கைக் குழப்பும். அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீண்டால் கார்ட்டிசால் ஏறியேதான் இருக்கும் என்பதும் இல்லை. சிலருக்கு அந்த ஏற்ற இறக்கமே தட்டையாகிவிடுகிறது. அட்ரீனல் சுரப்பியில் கோளாறு என்று சந்தேகம் வந்தால் மருத்துவர் எழுதித் தரும் சோதனை அது. ஆய்வாளர்கள்கூட ஒரே ஊசியோடு நிறுத்துவதில்லை; ஒரு நாளில் பல வேளை, பல நாள், உமிழ்நீரைச் சேகரிக்கிறார்கள்.

தலைமுடியை வைத்து அளக்கலாமாமே? (வாசகர், சேலம்)

உண்மைதான். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. உச்சிக்குப் பின்புறம், மண்டையை ஒட்டி 3 செ.மீ. வெட்டினால் கடந்த மூன்று மாதக் கார்ட்டிசாலின் தடம் கிடைக்கும். (நேர்த்திக்கடனுக்குச் சென்ற மாதம் மொட்டை போட்டவரிடம் ஒரு மாத வரலாறுதான் மிஞ்சும்.) சாயமும் பிளீச்சும் அளவைக் கெடுக்கும். குழுக்களை ஒப்பிட நல்ல கருவி. தனி ஒருவருக்கு ‘இதற்கு மேல் ஆபத்து’ என்று சொல்ல எல்லைக்கோடு இன்னும் இல்லை.

இணையத்தில் ஸாரிட் வினாத்தாளை நிரப்பினேன். 47 வந்தது. பயமாக இருக்கிறது. (வாசகி, திருநெல்வேலி)

பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பராமரிப்பவரின் சுமையை அளக்க அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஸாரிட் 1980இல் 29 கேள்விகளோடு வெளியிட்ட அளவுகோல் இது. இப்போது பரவலாக இருப்பது 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88. வழக்கமாகச் சொல்லும் பிரிவுப்படி 41 முதல் 60 வரை ‘மிதம் முதல் கடுமை வரை’. ஆனால் அது நோயின் பெயர் அல்ல.

மொத்த எண்ணைவிட, எந்தக் கேள்விகளுக்கு 3, 4 போட்டீர்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ‘இன்னும் அதிகம் செய்திருக்க வேண்டுமோ’, ‘இதைவிட நன்றாகக் கவனித்திருக்கலாமோ’ என்ற வகைக் கேள்விகள் இரண்டு உண்டு. நம் வீட்டுப் பெண்கள் அவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு 4 போடுவார்கள். அது குற்ற உணர்வு. உங்களுக்கென நேரமின்மை, உடல்நலம், பணம் பற்றிய கேள்விகளில் ஏறியிருந்தால் விஷயம் வேறு. அங்கே வேலையைப் பங்கிட ஆள் வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. மாமியார் அடுத்த அறையில் இருக்க, கணவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க நிரப்பிய தாளில் எல்லாமே பூஜ்யமாக இருக்கும். அத்தகைய தாள்களை நான் நம்புவதே இல்லை. தனியாக உட்கார்ந்து நிரப்புங்கள். மூன்று மாதம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பி, உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். அக்கம்பக்கத்தாரின் எண் உங்களுக்கு எதற்கு?

ஸாரிட் அளப்பது பராமரிப்புச் சுமையை. பொதுவான அழுத்தத்துக்கு ஷெல்டன் கோஹன் குழுவின் 1983ஆம் ஆண்டு அளவுகோல் இருக்கிறது. அதன் பத்துக் கேள்வி வடிவம் கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 40. நான்கு கேள்விகள் நல்ல விதமாகக் கேட்கப்பட்டவை. அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப்போட்டுக் (4 என்றால் 0, 3 என்றால் 1) கூட்ட வேண்டும். அதை மறந்துவிட்டுப் பதறி எழுதுபவர்கள் அநேகம்.

என் மகனுக்கு மனச்சிதைவு நோய். முதியோருக்கான கேள்விகள் எங்களுக்குப் பொருந்தவில்லையே? (வாசகர், மதுரை)

பொருந்தாது ஐயா. ஸாரிட் உருவானதே மறதிநோய் உள்ள முதியவர்களின் குடும்பங்களை மனத்தில் வைத்து. இருபத்தைந்து வயது மகனின் வேலை, கல்யாணம், தனக்குப் பிறகு அவனுக்கு யார் என்ற கவலை அதில் இல்லை. உங்களுக்கு ஏற்றது சென்னையிலேயே பிறந்திருக்கிறது. மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் தொண்டு அமைப்பின் மருத்துவர் தாராவும் குழுவினரும் 1998இல் வெளியிட்ட 40 கேள்வி அளவுகோல், இங்குள்ள குடும்பங்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. அதற்கும் முன்னால், 1981இல், பெங்களூரில் பாய், கபூர் இருவரும் ஒரு நேர்காணல் படிவத்தை உருவாக்கினார்கள். உங்கள் மனநல மருத்துவரிடம் இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ‘ஸ்ட்ரெஸ்’ எண்? (வாசகி, கோவை)

இதயத் துடிப்புகளின் இடைவெளி மாறுவதை வைத்துப் போடும் கணக்கு. காபி, காய்ச்சல், மாடிப்படி எல்லாமே அதை அசைக்கும். இரவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்பதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பதால் ஆயுள் குறையும் என்று படித்தேன். உண்மையா? (வாசகி, தஞ்சாவூர்)

பாதி உண்மை. அமெரிக்காவில் துணையைப் பராமரித்த முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்த ஷுல்ஸ், பீச் ஆய்வு 1999இல் வந்தது. பராமரிப்பால் நெருக்கடியை உணர்ந்தவர்களுக்கு, பராமரிக்காதவர்களைவிட இறப்பு அபாயம் 63 விழுக்காடு அதிகம். தலைப்புச் செய்திகள் அத்தோடு நின்றுவிட்டன. பராமரித்தும் நெருக்கடியை உணராதவர்களுக்கு அந்த அபாயம் ஏறவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. 2013இல் ராத் குழு, பராமரிப்பவர்கள் 3,503 பேரை அவர்களை ஒத்த அதே எண்ணிக்கையினரோடு ஒப்பிட்டபோது, பராமரிப்பவர்களின் இறப்பு விகிதம் 18 விழுக்காடு குறைவாகவே இருந்தது.

உடலில் எதுவும் நடப்பதில்லை என்றும் சொல்ல மாட்டேன். 1995இல் ஒஹையோவில் மறதிநோய் உறவினரைப் பராமரித்த 13 பெண்களுக்கும், பராமரிக்காத 13 பெண்களுக்கும் கையில் 3.5 மி.மீ. புண் உண்டாக்கிப் பார்த்தார்கள். பராமரித்தவர்களுக்கு ஆற 48.7 நாள், மற்றவர்களுக்கு 39.3 நாள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அந்த ஒன்பது நாளை என்னால் மறக்க முடியவில்லை.

பக்கவாதம் வந்த கணவரை மாதாமாதம் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். என் நிலைமையை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது? (வாசகி, நாகர்கோவில்)

‘கஷ்டமாக இருக்கிறது’ என்றால் ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று பதில் வரும். ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறியுங்கள்: இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், எத்தனை வேளை சாப்பாடு தவறியது, உங்கள் சொந்த மாத்திரையை எத்தனை நாள் மறந்தீர்கள், கடைசியாக எப்போது வீட்டைவிட்டு உங்கள் வேலையாக வெளியே போனீர்கள். அந்தப் பக்கத்தை மேசைமீது வையுங்கள். எதிலும் பிடிப்பில்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தால் அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அடுத்த முறை கணவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து முடித்ததும், பட்டையைக் கழற்றி வைப்பதற்குள் உங்கள் கையையும் நீட்டுங்கள்.