பதில்: ஸ்கேன் செய்து கட்டிய 1,840 ரூபாய் கடைக்குப் போகவில்லை

திங்கட்கிழமை மருந்துக்கடையில் யூபிஐயில் கட்டினீர்கள், கணக்கில் பணம் போய்விட்டது, கடைக்காரருக்கு வரவில்லை, மறுபடி ரொக்கமாகக் கொடுத்தீர்கள். மூன்று நாளாகிறது என்கிறீர்கள். பதறாதீர்கள், இன்னும் கெடு தாண்டவில்லை.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, கடையில் கட்டிய தொகை இப்படி நடுவில் நின்றுவிட்டால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதை நீங்கள் கேட்காமலே தர வேண்டும் என்றுதான் விதி; நடைமுறையில் கேட்டுப் பார்ப்பது நல்லது!

இப்போதே செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதிந்துவிடுங்கள். 12 இலக்க யூடிஆர் எண்ணையும் (அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்) புகார் எண்ணையும் குறித்து வையுங்கள். வங்கிக் கிளைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே எழுதலாம். கட்டணம் இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கூகுளில் தேடிக் கிடைத்த ‘கஸ்டமர் கேர்’ எண்ணை அழைப்பது. என் மைத்துனர் அப்படித்தான் 600 ரூபாயைத் தேடப்போய் 9,000 இழந்தார். பணம் திரும்ப வர உங்கள் யூபிஐ ரகசிய எண்ணை (PIN) போட வேண்டியதே இல்லை.

அப்புறம், அந்தக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சில சமயம் தொகை தாமதமாக அவர் கணக்கிலேயே ஏறிவிடும்.