பினாங்கு வழக்கும் பாட்டையாவும்

வணக்கம்.

எங்களுக்குச் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வரும் தையில் சாந்தி, வயது நிறைவு விழா. அதற்கு ஒரு குடும்ப மலர் போடுகிறோம்; தொகுக்கும் வேலை என் தலையில். பாட்டையா (கொள்ளுத்தாத்தா) பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர், ஒரு கடையில் ஏஜெண்டு. "அவரு உள்ளே இருந்துட்டு வந்தவருதானே" என்று அப்பத்தா ஒருமுறை வாய் தவறிச் சொன்னார். அதற்குமேல் வீட்டில் யாரும் பேசியதில்லை. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பில் தேடியபோது, 1920-களின் கடைசியில் வந்த நாலு வரிச் செய்தி கிடைத்தது. பாட்டையா பெயரில் ஒரு செட்டியார், பினாங்கு, ஏஜெண்டு, நம்பிக்கை மோசடி, பதினெட்டு மாதம் கடுங்காவல். ஆனால் பெயருக்கு முன்னால் உள்ள எழுத்துகள் எங்கள் விலாசம் (குடும்பத்தின் முதலெழுத்துகள்) இல்லை. "வரன் பார்க்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதெல்லாம் எதுக்கு" என்கிறார் பெரியப்பா. அது பாட்டையாதானா என்று எப்படி உறுதி செய்வது? அவர்தான் என்றால் மலரில் போடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கையில் இருப்பது அப்பத்தா சொன்ன ஒரு வார்த்தை, பேப்பரில் வந்த நாலு வரி. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டது நீங்கள். அந்த முடிச்சை முதலில் அவிழ்த்துவிடுங்கள்.

பேரனுக்கு ஐயா பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே ஊரில், ஒரே காலத்தில், பங்காளி வீடுகளிலேயே ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். விலாசத்தை வைத்துத்தான் ஆளைப் பிரித்தறிய வேண்டும். அந்த விலாசமும் சில சமயம் காலை வாரிவிடும். ஏஜெண்டு கடை நடத்துவது முதலாளியின் விலாசத்தில். கோர்ட் குமாஸ்தாவும் நிருபரும் கடையின் எழுத்துகளையே அவர் பெயருக்கு முன்னால் போட்டுவிடுவது எளிது. அதனால் எழுத்து பொருந்தவில்லை என்று பெரியப்பா நிம்மதி அடைய வேண்டாம். அப்புறம், பாட்டையா பிள்ளை கூட்டி (சுவீகாரமாக) வேறு வீட்டுக்குப் போனவரா என்றும் விசாரியுங்கள். கூட்டிப்போன பிறகு விலாசமே மாறியிருக்கும்.

அடுத்த முறை தேடும்போது ஆள் பெயரை விட்டுவிட்டுக் கடையின் எழுத்துகளைப் போட்டுத் தேடுங்கள். 'செட்டியார்' என்பதையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். மங்கிய அச்சைக் கம்ப்யூட்டர் ஐந்தாவது விதமாகப் படிக்கும். ஏஜெண்டை மாற்றினால் 'இன்னாருக்குக் கொடுத்த பவர் ரத்து' என்று முதலாளி அங்கத்தி ஆங்கிலப் பேப்பரில் நோட்டீஸ் போடுவதுண்டு. அது கிடைத்தால் உங்கள் பாட்டையா எந்தக் கடையில், எதுவரை இருந்தார் என்று தெரிந்துவிடும்.

இனி ஊர்க் காகிதங்களுக்கு வருவோம். எனக்கு இவற்றின் மேல்தான் நம்பிக்கை அதிகம். அந்தப் பதினெட்டு மாதத்துக்குள் அவர் பள்ளத்தூரில் இருந்தாரா என்பதுதான் கேள்வி. வீட்டுக் கல்யாணங்களின் இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தப் பத்திரம்), மொய் ஏடு, கடிதக்கட்டு, பேரேடு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் பெயரில் இருந்த சொத்துகளுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். நிலம் விற்கவோ அடமானம் வைக்கவோ அந்தக் காலத்தில் அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டிருந்தால், பினாங்கு ஜெயிலில் இருந்தது வேறு ஆள். கதை முடிந்தது. அதே மாதங்களில் வீட்டுப் பெண்கள் நகையோ காணியோ விற்றிருந்தால் கவனியுங்கள், பணம் எங்கோ அவசரமாகத் தேவைப்பட்டிருக்கிறது.

அவர்தான் என்று தெரிந்தால் அடுத்த வேலை வழக்கைப் படிப்பது. பினாங்கில் அன்று நடப்பில் இருந்த தண்டனைச் சட்டம் நம் 1860 இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. பிரிவு எண்கள்கூடப் பெரும்பாலும் அதேதான். 408 என்றால் குமாஸ்தாவோ வேலையாளோ செய்த நம்பிக்கை மோசடி. 409-ல் ஏஜெண்டு வருவார், தண்டனையும் பெரிது. பேப்பரில் பிரிவு இல்லாவிட்டால் வழக்குக் கட்டைத் தேட வேண்டும். அதற்கு மலேசிய தேசிய ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

ஆனால் கிரிமினல் வழக்கோடு நின்றுவிடாதீர்கள். அதில் உங்கள் பாட்டையா வெறும் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்), அவ்வளவுதான். முதலாளிக்கும் ஏஜெண்டுக்கும் சண்டை வந்தால் கணக்குக் கேட்டு சிவில் வழக்கும் போடுவார்கள். அங்கேதான் ஏஜெண்டு வாயைத் திறப்பார். மூன்று வருடத்துக்குப் பேசிய சம்பளத்தில் பாக்கி, லாபத்தில் வரவேண்டிய பங்கு, முதலாளி சொன்னபடி கொடுத்த கடன் வராமல் போனது என்று அவர் பக்கம் எழுத்தில் இருக்கும். இதை அவரை வெள்ளையடிக்கச் சொல்லவில்லை. கடைப் பணத்தைத் தன் பெயரில் சுற்றவிட்டு மாட்டிய ஏஜெண்டுகளும் உண்டு, உங்கள் பாட்டையாவும் அப்படி இருந்திருக்கலாம். இருவர் சொன்னதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்கிறேன்.

சிவில் வழக்கு நம் பக்கம் நடந்திருந்தால் தேவகோட்டை கோர்ட்டில் பழைய கட்டு கிடைக்கும் என்று கிளம்பும் முன் ஒன்று: அந்த கோர்ட்டுக்கு 1942 ஆகஸ்டில் தீ வைத்துவிட்டார்கள். அப்பீல் போயிருந்தால் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புகளில் தேடுங்கள். செட்டியார் கடைக் கணக்கு வழக்குகள் அங்கே நிறைய. ஊர் புதுக்கோட்டைச் சீமையில் இருந்திருந்தால் 1948 வரை அது தனி சமஸ்தானம், கோர்ட்டும் தனி. பள்ளத்தூருக்கு அந்தத் தொல்லை இல்லை.

அப்பத்தா சொன்ன 'உள்ளே' பினாங்காகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கடன் தீர்ப்பைக் கட்டாதவரை 1908 சிவில் நடைமுறைச் சட்டப்படி அன்று ஆறு மாதம் வரை சிவில் ஜெயிலில் வைக்க முடிந்தது. சாப்பாட்டுச் செலவைக் கட்ட வேண்டியது உள்ளே போடச் சொன்ன கடன்காரர்தான். 1930-களின் மந்தத்தில் கடைகள் சாய்ந்தபோது ஐ.பி. (திவால் மனு) கொடுத்தவர்களும் வாரண்டுக்குப் பயந்தவர்களும் அநேகம். ஊர்வாய்க்கு அதுவும் ஜெயில்தான்.

போலீஸ் பதிவேட்டில் பெயர் இருந்தாலே குற்றவாளி என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1911-ன் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கள்ளர் உள்ளிட்ட பல சமூகங்களில், எந்தத் தப்பும் செய்யாதவர்களின் ரேகையும் பதிவேட்டில் ஏறியது. சென்னை மாகாணத்தில் அது ஒழிய 1947 ஆனது. உங்கள் பாட்டையா விஷயம் அப்படியில்லை. செய்தியில் வந்தவர் அவர்தான் என்றால், அவருக்கு விசாரணை நடந்திருக்கிறது, வக்கீல் வைக்க வசதியும் இருந்திருக்கும்.

மலர் விஷயத்தில் நான் பாதி பெரியப்பா கட்சி. சாந்திக்கு வந்தவர்கள் தாம்பூலத்தோடு எடுத்துப்போகும் புத்தகத்தில், உறுதியாகாத நாலு வரியைப் போட வேண்டியதில்லை. தைக்குள் இந்த வேலையெல்லாம் முடியவும் முடியாது. ஆனால் இப்படிப்பட்ட மலர்களில் எல்லாப் பாட்டையாவும் 'கடல் கடந்து சென்று நாணயத்தோடு பெரும்பொருள் ஈட்டியவர்' ஆகிவிடுவார். உங்கள் வரைவிலும் அந்த வரி இருந்தால், தயவுசெய்து அடித்துவிடுங்கள். பினாங்கில் எந்தக் கடை, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை என்று மட்டும் போடுங்கள். வழக்குக் கட்டு கிடைத்தால் அதைத் தனியாக எழுதலாம், அதற்குப் பெரியப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.