மஸ்டாங்கின் லிமிடெட் ஸ்லிப்: கேரியரை இறக்காமலே கிளட்ச் மாற்றும் முறை

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். என்னிடம் 2003 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி இருக்கிறது, 1,12,000 மைல் ஓடியது. மழையில் சிக்னலில் கிளம்பினால் வலது பின்சக்கரம் மட்டும் சுழல்கிறது. பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது பின்னால் கடகடவென்று அதிர்கிறது. டிஃபரென்ஷியலை மொத்தமாக இறக்கிக் கட்ட வேண்டும் என்கிறார்கள். கிரவுன், பினியன் செட் செய்து எனக்குப் பழக்கமில்லை. வீட்டு கராஜில் இதை நானே செய்யலாமா?

பதில்: செய்யலாம். நீங்கள் பயப்படும் கிரவுன், பினியன் (எஞ்சின் முறுக்கை ஆக்சிலுக்குத் திருப்பும் பெரிய, சிறிய பல்சக்கரங்கள்) பக்கமே இந்த வேலையில் போக வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் இருப்பது ஃபோர்டின் 8.8 அங்குல ஆக்சில், அதற்குள் டிராக்‌ஷன்-லாக் என்ற கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாதபடி உராய்வுத் தட்டுகளால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் டிஃபரென்ஷியல். இந்தத் தட்டுகள்தான் கிளட்ச் பிளேட்டுகள்; இவற்றைக் கேரியரின் (டிஃபரென்ஷியல் கியர்களைத் தாங்கிச் சுழலும் கூட்டின்) பக்கவாட்டுத் திறப்பு வழியாகவே எடுத்து மாற்றிவிட முடியும். கேரியர் தன் இடத்திலேயே இருப்பதால் பேக்லாஷும் (கிரவுன், பினியன் பற்களுக்கிடையிலான ஆட்டம்) மாறாது, பேரிங் பிரீலோடும் (பேரிங்கை இறுக்கி வைக்கும் அழுத்தம்) மாறாது. கேரியரை வெளியே இழுத்த அடுத்த நிமிடம் இடது, வலது ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) கணக்கெல்லாம் உங்கள் தலையில் விழும். பேரிங் ஊளையிட்டாலோ கிரவுன் பல் உடைந்திருந்தாலோ தவிர அதைத் தொடாதீர்கள்.

முதலில் கிளட்ச்தான் தேய்ந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள், கியர் நியூட்ரல், கை பிரேக் விடுவிப்பு. பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தூக்கிய சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கக் குறைந்தது 20 பவுண்ட்-அடி டார்க் தேவைப்பட வேண்டும். வீல் போல்ட்டில் டார்க் ரெஞ்ச் போட்டு அளந்தால் கணக்குத் தப்பும், ஏனென்றால் அது ஆக்சிலின் மையத்தில் இல்லை. எளிய வழி தொங்கு தராசு. 245/45 ஆர்17 டயரின் ஆரம் ஏறக்குறைய 13 அங்குலம். டயரின் விளிம்பில் நாடாவைச் சுற்றித் தராசை மாட்டி, தொடுகோட்டுத் திசையில் இழுங்கள். சுமார் 8.5 கிலோவுக்கு முன்பே சக்கரம் நகர்ந்துவிட்டால் கிளட்ச் பிடிமானம் போய்விட்டது. 3 கிலோவிலேயே சுழன்றால் இனி சந்தேகமே வேண்டாம்.

அதிர்வு மட்டும் இருந்து, தராசு சரியான எடையைக் காட்டினால் பிளேட் மாற்ற அவசரப்படாதீர்கள். ஆயிலில் கலக்கும், உராய்வை மென்மையாக்கும் திரவமான ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் தீர்ந்துபோனாலும் அதே சத்தம்தான் வரும். அப்போது ஆயில் மாற்றமே போதும். உங்களுக்கு இரண்டு கோளாறும் இருப்பதால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

வலது சக்கரம் மட்டும் சுழல்வதற்கும் காரணம் உண்டு. இரு பின்சக்கரங்களையும் ஒரே உறுதியான குழாயில் இணைக்கும் இந்த வகை ஆக்சிலில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் (எஞ்சின் முறுக்கைப் பின்னுக்குக் கொண்டுவரும் தண்டின்) முறுக்கு, வலது டயரைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கிறது. அந்த டயருக்கு எடை குறைந்ததும் கிளட்ச்தான் இடது சக்கரத்தையும் சேர்த்து இழுத்துப்போக வேண்டும். டிராக்‌ஷன்-லாக்கில் ஒவ்வொரு பக்கமும் 4 ஸ்டீல் பிளேட்டும் 3 ஃப்ரிக்‌ஷன் பிளேட்டும் மாறிமாறி அடுக்கப்பட்டு, கடைசியில் ஒரு ஷிம் இருக்கும். ஃப்ரிக்‌ஷன் பிளேட்டின் உள்பற்கள் சைடு கியரை (ஆக்சிலின் உள்முனை மாட்டும் கியரை) பிடிக்கின்றன, ஸ்டீல் பிளேட்டின் காதுகள் கேரியரைப் பிடிக்கின்றன. நடுவே உள்ள ‘எஸ்’ வடிவ ஸ்பிரிங் இரு பக்கத்தையும் எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. பளு ஏறும்போது கியர்களின் சாய்ந்த பற்களும் சேர்ந்து தள்ளும். ஒரு சக்கரத்துக்குப் பிடிமானமே இல்லாதபோது அந்தத் தள்ளல் மிகக் குறைந்துவிடும். மிஞ்சுவது ஸ்பிரிங் மட்டும்தான். பிளேட் தேய்ந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் தளர்கிறது. உங்கள் வண்டியில் நடந்திருப்பது இதுதான்.

வாங்க வேண்டியவை: இரு பக்கத்துக்கும் சேர்த்து 8 ஸ்டீல், 6 ஃப்ரிக்‌ஷன் பிளேட், வெவ்வேறு கனத்தில் சில ஷிம்கள் கொண்ட ஒரு கிட். கார்பன் பிளேட் கொண்ட ஃபோர்டு கிட் எம்-4700-சி பழைய காகித வகையை விட நீண்ட நாள் உழைக்கும். அதோடு புது கிராஸ் பின் லாக் போல்ட், இரண்டு ஆக்சில் சீல், இரண்டு குவார்ட்டுக்குச் சற்று மேல் கியர் ஆயில் (75டபிள்யூ-140 சிந்தெட்டிக் ஏற்றது), 118 மில்லி ஃபோர்டு எக்ஸ்எல்-3 மாடிஃபையர் ஒன்று, பிளேட் ஊற வைக்க இன்னொன்று, சிலிக்கான் சீலன்ட், பிரேக் கிளீனர் மூன்று கேன். ஜாக் ஸ்டாண்டுகளை ஆக்சில் குழாயின் அடியில் வையுங்கள். வண்டியடியில் படுத்துச் செய்யும் வேலை இது, ஸ்டாண்ட் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

ஆயிலை வடிக்கும் முன் ஃபில் பிளக்கை லூசாக்கிப் பார்த்துவிடுங்கள். வடித்த பிறகு அது திறக்க மறுத்தால் வண்டி ஸ்டாண்டிலேயே மாட்டிக்கொள்ளும். அடுத்து பின் கவரின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றி, மேலே ஒன்றை மட்டும் லூசாக விட்டுக் கவரை நெம்பினால் ஆயில் தட்டில் இறங்கும். ஹவுசிங்கின் அடியில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தால் வழக்கமான தேய்மானம். செதில்களோ உலோகத் துண்டுகளோ இருந்தால் இந்த வேலையை இங்கேயே நிறுத்துங்கள், அது பேரிங் அல்லது பல்லின் கதை. டயல் கேஜ் இருந்தால் கிரவுனின் பேக்லாஷை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். 0.008 முதல் 0.015 அங்குலத்துக்குள் இருந்தால் கிரவுன், பினியனை அப்படியே விட்டுவிடலாம்.

இனி இந்த வேலையின் மிக மோசமான போல்ட்டுக்கு வருவோம். ஸ்பைடர் கியர்களை (இரு சைடு கியருக்கும் நடுவே உருளும் சிறு கியர்களை) தாங்கும் கிராஸ் பின்னை ஒரு சிறிய லாக் போல்ட் பிடித்து வைத்திருக்கிறது. அதன் மரையில் தொழிற்சாலையிலேயே பசை தடவியிருப்பார்கள். பன்னிரண்டு முனை ஸ்பேனர் போட்டால் தலை உருண்டுவிடும். ஆறு முனை சாக்கெட்டை முழு ஆழத்துக்கு இறக்குங்கள். அதற்கு முன் சுற்றிலும் பிரேக் கிளீனரால் துடைத்து, அந்த ஆவி முழுக்கப் போன பின் ஹீட் கன்னால் இரண்டு மூன்று நிமிடம் சூடாக்குங்கள். சூடு பசையை இளக்கும். கொஞ்சம் திருகி, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி திருகி எடுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் போல்ட் முறிந்து, மரை பகுதி மட்டும் கையில் வரும், வழவழப்பான முனை பின்னின் துளைக்குள் மாட்டிக்கொள்ளும். அப்படி ஆனால் கிரவுனைச் சுழற்றி அந்தத் துளையைத் தரை நோக்க வையுங்கள். பின்னை இருபுறமிருந்தும் மெல்லத் தட்டி, காந்தக் கம்பியால் இழுத்துப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் இடதுசுற்று டிரில் பிட்தான் வழி. பழைய போல்ட் முறியாமல் வந்தாலும் திரும்பப் போடாதீர்கள்.

கிராஸ் பின் வெளியே வந்ததும் ஆக்சில்களைச் சுழற்றாதீர்கள், ஸ்பைடர் கியர்கள் உருண்டு இடம் மாறிவிடும். கேலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. டிஸ்க்கையும் ஏபிஎஸ் சென்சாரையும் எடுத்துவிடுங்கள். ஆக்சிலை உள்ளே தள்ளினால் நுனியிலுள்ள சி-கிளிப் விடுபடும், காந்தத்தால் பிடியுங்கள். பிறகு இரண்டு ஆக்சிலையும் முழுவதுமாக வெளியே உருவுங்கள். பாதி உருவினால் போதும் என்று சிலர் விடுவார்கள், ஆனால் ஆக்சிலின் எடை சீலின் உதட்டில் உட்கார்ந்து கிழிக்கும். முழுதாக உருவினால் பேரிங் ஓடும் பகுதியையும் பார்க்கலாம். இந்த ஆக்சிலில் பேரிங் உருளைகள் நேராக ஷாஃப்ட்டின் மீதே ஓடுகின்றன. நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் ஆக்சிலும் பேரிங்கும் மாற்றப்பட வேண்டியவை.

எஸ் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடவே கூடாது. பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டி பாதி வெளியே கொண்டுவந்து, ஒரு துணியால் மூடி, லாக்கிங் பிளையரால் பிடித்து இழுங்கள். அடுத்து ஒரு ஆக்சிலைத் தற்காலிகமாக உள்ளே சொருகுங்கள், கியரைப் போட்டு புரொப்பல்லர் ஷாஃப்ட் நகராமல் செய்யுங்கள். ஆக்சிலைச் சுழற்றினால் ஸ்பைடர் கியர்கள் இரண்டும் திறப்பு நோக்கி உருண்டு வரும். அவற்றின் பின்னுள்ள வளைந்த வாஷர்களைத் தவற விடாதீர்கள். பிறகு அந்த ஆக்சிலை உருவிவிட்டு, இரு பக்கத்துச் சைடு கியரையும் பிளேட் கட்டோடு எடுத்து, இடது வலது என்று எழுதி வையுங்கள்.

பழைய பிளேட்டுகள் என்ன நடந்ததென்று சொல்லும். ஸ்டீல் பிளேட் கண்ணாடிபோல் மினுமினுத்தால் வழுக்கிக்கொண்டே ஓடியிருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் சூடு ஏறியிருக்கிறது. கேரியரின் உள்ளே ஸ்டீல் பிளேட்டின் காதுகள் உட்காரும் பள்ளங்களையும் விரலால் தடவுங்கள். அங்கே படிக்கட்டுபோல் வெட்டு விழுந்திருந்தால் புதுப் பிளேட் நகர முடியாமல் சிக்கும். புதுக் கிட் போட்டும் பயன் இருக்காது.

புது ஃப்ரிக்‌ஷன் பிளேட்டுகளைக் குறைந்தது அரை மணி நேரம் மாடிஃபையரில் முழுக்க மூழ்க வையுங்கள். உலர் பிளேட்டை அப்படியே போட்டால் முதல் திருப்பத்திலேயே அதிரத் தொடங்கி, மேற்பரப்பு கருகிவிடும்.

பிளேட் கட்டை அடுக்கும்போது சைடு கியரிலிருந்து தொடங்கி ஸ்டீல், ஃப்ரிக்‌ஷன் என்று மாற்றி, ஸ்டீலில் முடித்து, வெளியே ஷிம். எந்த ஷிம் என்பதே இங்கு உண்மையான கேள்வி. தேய்ந்த பழைய கட்டின் உயரத்தை அளந்து புதியதை அதற்குச் சமமாக்குவது தவறு, தேய்மானத்தையே மறுபடி பொருத்துவதாகும். பழைய ஷிம் அந்தக் கேரியருக்கென்று தேர்ந்தது, முதலில் அதையே வையுங்கள். ஃபோர்டு இதற்கென்று ஒரு கேஜ் கருவி வைத்திருக்கிறது. அது இல்லாதபோது எஸ் ஸ்பிரிங் இல்லாமல் கியர்களை மட்டும் பொருத்திப் பார்ப்பதே வழி. ஸ்பைடர் கியர்கள் கையின் அழுத்தத்தில் சற்றே எதிர்ப்போடு உருண்டு உள்ளே போக வேண்டும். உள்ளே போனபின் பற்களுக்கிடையே ஆட்டம் ஏறக்குறைய இருக்கவே கூடாது. கலகலவென்று ஆடினால் அடுத்த கனமான ஷிம். உருளவே மறுத்தால் மெல்லியது. இரண்டு மூன்று முறை பிரித்துப் போட வேண்டியிருக்கலாம், இங்கே செலவழிக்கும் ஒரு மணி நேரம்தான் பிடிமானத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு ஃப்ரிக்‌ஷன் பிளேட்டைக் கூடுதலாகச் சேர்த்து இறுக்கும் பழக்கமும் உண்டு. டிராக் ஸ்ட்ரிப்புக்கு (நேர்கோட்டுப் பந்தயப் பாதைக்கு) அது சரி. தினசரி ஓட்டும் வண்டிக்கு வேண்டாம், திருப்பங்களில் உள் டயரை இழுத்துத் தேய்க்கும்.

ஸ்பைடர் கியர்களை ஏற்றும்போது இரண்டும் திறப்பின் எதிரெதிர் முனைகளில் துல்லியமாக நேரெதிரே தொடங்க வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனால் கிராஸ் பின் துளையில் பாதி தெரியும், பாதி மறையும். சுத்தியலால் பின்னை அடித்து நுழைக்க நினைக்காதீர்கள். கியர்களை வெளியே உருட்டி ஒரு பல் மாற்றி மறுபடி ஏற்றுங்கள். வாஷர்கள் விழாமலிருக்கப் பின்புறம் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள்.

எஸ் ஸ்பிரிங்கை சி-கிளாம்ப்பால் அழுத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வையுங்கள். புதுச் சீல் போட்டு, அதன் உதட்டில் ஆயில் தடவி ஆக்சில்களை நேராகச் சொருகி, சி-கிளிப்பைப் போட்டு, ஆக்சிலை வெளிப்புறம் இழுத்து அது பள்ளத்தில் இறங்கியதைக் கண்ணால் பாருங்கள். ஓடும்போது சக்கரம் ஆக்சிலோடு கழன்று வராமல் தடுப்பது இந்தச் சிறு கிளிப்தான். பிறகு கிராஸ் பின், புது லாக் போல்ட். மரையைச் சுத்தம் செய்து பசை தடவி 22 பவுண்ட்-அடிக்கு முறுக்குங்கள். கிராஸ் பின் கழன்றால் ஹவுசிங்கையே உடைத்துவிடும்.

கவரின் முகத்தில் பழைய சிலிக்கானை முழுவதும் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கின்றி துடைத்து, போல்ட் துளைகளைச் சுற்றி உடையாத ஒரே கோடாகச் சிலிக்கான் இட்டு, 15 நிமிடத்துக்குள் கவரை வைத்து, குறுக்கும் நெடுக்குமாக 33 பவுண்ட்-அடிக்கு முறுக்குங்கள். சிலிக்கான் ட்யூபில் சொன்ன நேரம் காத்திருந்து, முதலில் 118 மில்லி மாடிஃபையரையும் பிறகு ஆயிலையும் ஊற்றுங்கள். நிறைவு அளவு ஃபில் துளையின் அடிவிளிம்பிலிருந்து 6 முதல் 14 மில்லிமீட்டர் கீழே, வழியும் வரை ஊற்றக் கூடாது. ஏபிஎஸ் சென்சாரையும் பிரேக்கையும் பொருத்தி, வீல் நட்டை 95 பவுண்ட்-அடிக்கு இறுக்குங்கள்.

தராசை மறுபடி மாட்டுங்கள். 8.5 கிலோவைத் தாண்டி நல்ல எடைக்குப் பிறகே நகர வேண்டும். பிறகு காலியான பார்க்கிங்கில் மெதுவாக எட்டு வடிவில் இருபுறமும் பத்துப் பதினைந்து சுற்று போங்கள், மாடிஃபையர் ஒவ்வொரு பிளேட்டுக்கும் போய்ச் சேரும். முதல் 500 மைல் வரை வேகமாகக் கிளம்பி டயரைக் கருக்காதீர்கள், அதற்குப்பின் ஆயிலை ஒருமுறை மாற்றிவிடுங்கள். அப்போதும் திருப்பங்களில் அதிர்ந்தால் மாடிஃபையரை ஒவ்வொரு முறையும் 30 மில்லி வீதம் கூடுதலாகச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு கூட்டலுக்கும் மறுபடி தராசை வையுங்கள், கிலோ இறங்கத் தொடங்கினால் போதும் என்று அர்த்தம்.